பூச்சூட்டும் பாட்டி, காத்திருக்கும் பாட்டி

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை அடித்துவிட்டு ஓட்டோவில் ஏறினால், கரமனைக்குப் பத்து நிமிஷம், பூஜப்புரைக்குக் கால் மணி நேரம். சாலைக் கடைவீதி நெரிசலைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம். இந்தச் சின்ன வட்டத்துக்குள் வளர்ந்த இரண்டு பெண்கள் 1985ஆம் ஆண்டில் ஒரு தமிழ்ப் படத்தில் ஒன்று சேர்ந்தார்கள். பூஜப்புரைக்காரி முகம் கொடுத்தார், கரமனைக்காரி குரல் கொடுத்தார். ஒருவர் பத்மினி, இன்னொருவர் கே.எஸ். சித்ரா. படம் ஃபாசில் இயக்கிய 'பூவே பூச்சூடவா'. தமிழ்நாட்டுக்கு வெளியே குடும்பம் நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் படத்தில் தனிப் பாத்தியதை உண்டு என்பது என் எண்ணம். ஏன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒருமுறை சொல்லிவிடலாம். பூங்காவனத்தம்மா வயதான விதவை. பெரிய வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரே மகள் இறந்துவிட்டாள். மருமகனோடு தீராத மனக்கசப்பு. பேத்தியை அவன் தன்னோடு கொண்டுபோய்விட்டான். தெருப் பிள்ளைகள் வாசல் மணியை அழுத்திவிட்டு ஓடிப்போகிறார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ வந்துவிட்டார்கள் என்று கிழவி கதவைத் திறக்கிறாள், யாரும் இல்லை. கடைசியில் அந்த மணியே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒருநாள் சுந்தரி என்ற பேத்தி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறாள்.

வந்த பேத்தியைக் கிழவி உடனே கட்டி அணைத்துக்கொள்வதில்லை. இதைக் கவனிக்கவேண்டும். நம் சினிமாவில் பாட்டி என்றால் பெரும்பாலும் அன்பு வழியும் குடம், இல்லாவிட்டால் கொடுமைக்காரி. பூங்காவனத்தம்மா இரண்டும் இல்லை. மருமகன் மேலுள்ள கோபம் பேத்தி மேலும் படிகிறது. பெண்ணோ துறுதுறுப்புக்காரி. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு இளைஞனைப் படாதபாடு படுத்துகிறாள். போகப்போகக் கிழவிக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. சிரிக்கத் தொடங்கிய இடத்தில்தான் உறவு மாறுகிறது. அதுவரை அவர்கள் பாட்டியும் பேத்தியும், அதற்குப் பிறகு தோழிகள்.

பாட்டி பேத்தி உறவு பிறப்பால் வருவது, அதற்கு யாரும் மெனக்கெட வேண்டாம். தோழமைக்கு மெனக்கெட வேண்டும். பாட்டி அதட்டும் உரிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். பேத்தி செல்லம் கொஞ்சிச் சாதித்துக்கொள்ளும் உரிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சுந்தரி அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகவில்லை. பாட்டியின் தனிமைக்குள் நுழைந்து அங்கே கலாட்டா பண்ணுகிறாள். பாட்டியும் 'சின்னப் பெண், இவளுக்கு என்ன தெரியும்' என்று ஒதுக்கவில்லை. ஒருத்தியை ஒருத்தி வேடிக்கை பார்க்கிறார்கள், சீண்டுகிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள். தோழிகள் செய்கிற காரியம் இதெல்லாம்.

நம் பழைய இலக்கியத்தில் இதற்கு இடம் உண்டா என்று பார்ப்பது சுவையானது. அகப்பாட்டில் தலைவிக்கு மிக நெருங்கியவள் தோழி. அந்தத் தோழி யார்? செவிலித்தாயின் மகள்தான் தோழி என்று தொல்காப்பியம் வரையறை செய்கிறது. பெண்ணின் நெருங்கிய சினேகிதியே முந்தைய தலைமுறைப் பெண்ணொருத்தியின் மடியிலிருந்து வருகிறாள் என்று பொருள். செவிலியும் சும்மா வளர்த்துவிட்டுப் போகிறவள் இல்லை. தலைவி காதலனோடு புறப்பட்டுப் போய்விட்டால், பெற்றதாய் வீட்டில் இருந்து புலம்புவாள், செவிலி பாலைநிலத்தில் எதிரே வருவோரை எல்லாம் விசாரித்துக்கொண்டு தேடிப் போவாள். காத்திருக்கிற தாய் ஒருத்தி, தேடிப்போகிற தாய் ஒருத்தி. பூங்காவனத்தம்மா முதல் வகை. அவளால் தேடிப்போக முடியாது, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். விருந்து வரப்போவதைக் கரைந்து சொன்ன காக்கைக்கு நன்றி பாராட்டிய பாட்டால் காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற புலவர் நச்செள்ளையார் குறுந்தொகையில் இருக்கிறார். காக்கை இருந்த இடத்தில் இப்போது மின்சார மணி, அவ்வளவுதான்.

இனி இரண்டு தலைப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், இந்தக் கட்டுரையின் உயிர்நாடி அதுதான். 'பூவே பூச்சூடவா'வுக்கு முந்தைய ஆண்டில், 1984இல், ஃபாசில் இதே கதையை மலையாளத்தில் எடுத்தார். பெயர் 'நோக்கெத்தாதூரத்து கண்ணும் நட்டு'. பார்வை எட்டாத தூரத்தில் கண்ணை நட்டுவைத்து என்று பொருள் கொள்ளலாம். நட்டு என்ற சொல்லின் அழுத்தத்தைப் பாருங்கள். நாற்று நடுவதுபோல, கம்பம் நடுவதுபோல, கண்ணை நட்டுவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். மலையாளத் தலைப்பு முழுக்கக் காத்திருப்பைப் பற்றியது.

தமிழ்த் தலைப்போ பூவைப் பற்றியது. மேலோட்டமாகக் கேட்டால் இனிமையான அழைப்பு. கொஞ்சம் நின்று யோசித்தால் மனசைப் பிசையும். யார் யாரைப் பூச்சூட அழைப்பது? பூங்காவனத்தம்மா விதவை. பேரிலேயே பூந்தோட்டம் இருக்கிறது, தலையில் ஒரு பூ வைத்துக்கொள்ள வழக்கம் இடம் கொடுக்காது. எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்: தோட்டத்து மல்லிகையைப் பறித்து, உட்கார்ந்து நெருக்கமாகத் தொடுத்து, வாழையிலையில் சுற்றி வைக்கிற கை ஒரு பாட்டியின் கையாக இருக்கும். அந்தச் சரம் மருமகள் தலைக்குப் போகும், பேத்தி தலைக்குப் போகும், சாமி படத்துக்குப் போகும். தொடுத்தவள் தலைக்கு மட்டும் போகாது. தனக்கு மறுக்கப்பட்ட பூவைச் சூட்டிப் பார்க்க ஒரு பெண் தலை வேண்டும் அல்லவா? பாட்டிக்குப் பேத்தி வேண்டியிருப்பதில் இந்தத் தவிப்பும் சேர்ந்திருக்கிறது. மலையாளத் தலைப்பில் இல்லாத ஒரு சமூக வலி தமிழ்த் தலைப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. இது திட்டமிட்டு நடந்ததா, பாட்டின் ஓசைக்காக அமைந்ததா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். வந்துவிட்டது, நிற்கிறது.

இரண்டு படங்களுக்கும் இடையே இன்னொரு மாற்றமும் உண்டு. மலையாளத்தில் பாட்டி குஞ்ஞூஞ்ஞம்மா தாமஸ் என்ற கிறிஸ்தவப் பெண்மணி, பேத்தி கேர்ளி. பக்கத்து வீட்டுப் பையன் ஸ்ரீகுமார் என்ற இந்து. அந்த வேஷம் மோகன்லாலுக்கு. தமிழில் இது தலைகீழானது. பாட்டி வீடு இந்து வீடு, பக்கத்து வீட்டுப் பையன் அலெக்ஸாண்டர் ஆனான். நடித்தவர் எஸ்.வி. சேகர். நாடக மேடையில் சிரிக்கவைத்துப் பேர் வாங்கிய அவரை இந்த வேஷத்துக்குப் போட்டது நல்ல காரியம் என்பேன். பெரிய கதாநாயகனைப் போட்டிருந்தால் ஒரு சண்டை, இரண்டு டூயட் என்று படம் அவன் பக்கம் சாய்ந்திருக்கும். இங்கே அவன் வேலியோரத்தில் நிற்கிறான், கதை வீட்டுக்குள் இரண்டு பெண்களிடையே நடக்கிறது. மோகன்லால் இருந்தும் மலையாளப் படம் அப்படிச் சாயவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியதே. ஜாதி, மதம், மொழி எதை மாற்றிப் போட்டாலும் கதை அசையாமல் நிற்கிறது. தெலுங்குக்குப் போனபோது பாட்டி வேஷத்தை பானுமதி ஏற்றார்.

இப்போது பத்மினிக்கு வருவோம். 1932இல் பிறந்த பத்மினியும், அக்கா லலிதாவும், தங்கை ராகினியும் 'திருவிதாங்கூர் சகோதரிகள்' என்று பேர் பெற்றவர்கள். பூஜப்புரையில் மலையா காட்டேஜ் என்ற வீடு. பேரைக் கேட்டாலே தெரியும், கடல் கடந்துபோய்ச் சம்பாதித்த குடும்பத்தின் வீடு. பெண்வழிக் கூட்டுக் குடும்பம், ஒரு மூத்த பெண்மணிதான் அங்கே எல்லாவற்றுக்கும் தலை. குரு கோபிநாத்திடம் நடனம் பயின்ற இந்தச் சகோதரிகள் உதயசங்கரின் 'கல்பனா' (1948) வழியாகத் திரைக்கு வந்து தென்னிந்தியா முழுதும் ஆடினார்கள். 1968இன் 'தில்லானா மோகனாம்பாள்' பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை.

பிறகு பத்மினி டாக்டர் ராமச்சந்திரனை மணந்து அமெரிக்காவில் குடியேறினார். 1977இல் நியூஜெர்சியில் நடனப் பள்ளி தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்த நம் பெண்பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார். அதாவது புலம்பெயர்ந்த ஊரில், தமிழோ மலையாளமோ சரளமாக வராத ஒரு தலைமுறையோடு, நடனத்தின் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் 1976இல் ராகினியும் 1982இல் லலிதாவும் மறைந்தார்கள். சேர்ந்து ஆடிய மூவரில் ஒருவர் மட்டும் மிச்சம். அந்த நிலையில்தான் 1984இல் ஃபாசில் படத்துக்காகத் திரைக்குத் திரும்பி வந்து, தனியாக ஒரு வீட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிற கிழவியாக நடித்தார். நடிப்புக்கும் வாழ்க்கைக்கும் முடிச்சுப் போடுவது சில சமயம் அசட்டுத்தனமாகிவிடும். ஆனாலும் அந்த முகத்தில் தெரிகிற வெறுமை வெறும் ஒப்பனைக்காரர் வேலையாக எனக்குப் படவில்லை. பரதநாட்டியக்காரிக்கு உரிய பெரிய கண்கள். அந்தக் கண்களை ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருக்கிறார் பாருங்கள், அதுதான் கஷ்டம்.

எதிரே நிற்கிற பெண் நதியா. பம்பாயில் பிறந்து வளர்ந்த மலையாளிப் பெண், மலையாளப் படம்தான் அவருக்கு முதல் படம், தமிழில் 'பூவே பூச்சூடவா' முதல் படம். வெளியூரில் வளர்ந்த பெண் பாட்டி ஊருக்கு வருகிற கதைக்கு, வெளியூரில் வளர்ந்த பெண்ணே கிடைத்தாள். அந்த நடை, உடை, தயக்கமில்லாத பார்வை, எல்லாம் கதையோடு ஒட்டிக்கொண்டது. படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடைகளில் நதியா பொட்டு, நதியா கம்மல் என்று விற்றது சிலருக்கு நினைவிருக்கும். சில வருஷங்களில் நதியாவும் கல்யாணமாகி வெளிநாடு போனார். 2004இல் 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' படத்தில் அம்மாவாகத் திரும்பி வந்தார், அதுவும் மகனோடு தோழிபோல் பழகும் அம்மாவாக! பத்மினி போனதும் வந்ததுமான வழியிலேயே நதியாவும் போய் வந்திருக்கிறார்.

குரலுக்கு உரியவர் சித்ரா. 1963இல் பிறந்தவர், கரமனைக்காரி. இளையராஜா தமிழுக்கு அழைத்துவந்த காலம் அது. இந்தப் படத்தின் ஒரு பாட்டால்தான் அவருக்குச் 'சின்னக்குயில்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை போகவில்லை. அதே 1985இல் வந்த 'சிந்து பைரவி'க்காக முதல் தேசிய விருது. மலையாள மூலத்திலும் ஜெர்ரி அமல்தேவ் இசையில் பாடியிருக்கிறார். சித்ராவுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் கே. ஓமனக்குட்டி. கேரளப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தவர், எம்.ஜி. ராதாகிருஷ்ணனின் தங்கை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் குரலைக் கையில் எடுத்துக் கொடுத்தாள், அந்தக் குரல் போய் ஒரு பாட்டி பேத்தி கதையில் உட்கார்ந்தது.

இந்த மாதிரிக் கதை விளைவதற்குப் பழவங்காடிச் சுற்றுவட்டாரத்தில் மண் உண்டா என்று கேட்டால், தாராளமாக உண்டு. தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது நாயர் பட்டாளத்தோடு வந்தவர் பழவங்காடிப் பிள்ளையார். பிறகு அந்தப் படை இந்திய ராணுவத்தோடு இணைந்ததால், கோயிலை ராணுவமே பராமரிக்கிறது. பத்மநாபபுரம் 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆகப் பிள்ளையாரும் ஒருவகையில் நம்மைப்போல எல்லை தாண்டியவர்தான்! வருஷா வருஷம் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதியும், சுசீந்திரம் முன்னூற்று நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும் ஊர்வலமாகக் கோட்டைக்கு வருகிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் பூஜித்தவள் என்பது ஐதீகம். மூவர் வருகிறார்கள், அதில் இருவர் பெண்கள். பத்து நாள் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்துபோவது போலத்தான்.

கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் கரமனையிலும் அக்கிரகாரங்கள், சாலையில் வியாபாரக் குடும்பங்கள். பாட்டி என்பார்கள், ஆச்சி என்பார்கள். நவராத்திரிக் கொலு வந்தால் பத்து வயதுப் பெண்ணும் எழுபது வயது மாமியும் ஒரே பாயில் உட்கார்ந்து பாடுவார்கள். தலைமுறை தாண்டிய சினேகம் அந்தத் தெருக்களில் அன்றாடம். "ஏன்டீ, அந்தக் கடைசி வரியை இழுத்துப் பாடினாயே, யார் சொல்லிக்கொடுத்தா?" என்று மாமி கேட்பாள். பெண் வெட்கப்படுவாள். ஆனால் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் கொடுக்கிற நேரம் வந்தால், கூடத்தில் இருந்த ஒரு சிலர் மெதுவாக எழுந்து உள்ளே போய்விடுவார்கள். யாரும் போகச் சொல்ல வேண்டாம், அவர்களே போவார்கள். பூங்காவனத்தம்மாவின் தனிமையை நாம் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மகள் இறந்ததும் மருமகன் சண்டையும் கதையில் சொல்லப்பட்ட காரணங்கள். ஊர்ப் பெண்களின் கூட்டத்தில் அவளுக்கு இடம் குறைந்துபோனது சொல்லப்படாத காரணம்.

ஆற்றுகால் பொங்கலை இதற்கு நேர் மாறு. கும்ப மாதத்துப் பூர நாளில் கிழக்கேகோட்டை, பழவங்காடி, தம்பானூர் என்று ரோடு முழுக்கச் செங்கல் அடுப்புகள். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. நாகர்கோவிலிலிருந்தும் தென்காசிப் பக்கமிருந்தும் முந்தின நாளே வந்து இடம் பிடிப்பார்கள். கன்னி, சுமங்கலி, கைம்பெண் என்று அடுப்பு பார்ப்பதில்லை. பக்கத்து அடுப்புக்காரி யார் என்று தெரியாது, ஆனால் காற்று மாறினால் அவள் பாத்திரத்தை நீங்கள் மறைத்துப் பிடிப்பீர்கள், உங்கள் அரிசிக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் அவள் ஊற்றுவாள். ஆற்றுகால் அம்மையைக் கண்ணகி என்று கொண்டாடுகிற மரபில், மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி கிள்ளியாற்றங்கரையில் ஒரு சிறுமியாக, ஒரு பெரியவர் முன்னால் வந்து நின்றாள் என்று சொல்வார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண் வந்து நிற்பதும், பெரியவர் ஒருவர் அவளை வீட்டுக்கு அழைப்பதும் இந்த ஊருக்குப் பழைய கதை.

மாறிப்போனது என்ன என்றால் வீடு. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேரளத்தில் கூட்டுக் குடும்பச் சொத்துமுறை ஒழிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வந்த அதே காலத்தில் வளைகுடாவுக்கும் பம்பாய்க்கும் டில்லிக்கும் அமெரிக்காவுக்கும் பிள்ளைகள் கிளம்பினார்கள். பத்மினி வளர்ந்த மலையா காட்டேஜ் மாதிரியான நிறைந்த வீடு, பூங்காவனத்தம்மாவின் காலி வீடாக ஆனது. தமிழ்க் குடும்பங்களிலும் சட்டம் வேறு, விளைவு அதேதான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கேரளத்தில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.6 சதவீதம், இந்தியா முழுமைக்கும் 8.6. பேரன் பேத்திகளைக் கண்டு வருஷக்கணக்காகும் பாட்டிகள் இதில் எத்தனை என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்கவில்லை.

தலைமுறை தாண்டிய பெண்களின் சினேகத்தை மற்றவர்கள் எப்படிப் படமாக்கினார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1991இல் வந்த 'ஃபிரைடு கிரீன் டொமேட்டோஸ்' படத்தில், நடுவயது எவ்லின் ஒரு முதியோர் இல்லத்தில் நின்னி என்ற கிழவியைத் தற்செயலாகச் சந்திக்கிறாள். சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. கிழவி சொல்லும் பழங்கதைகளைக் கேட்கக் கேட்க எவ்லினுக்கு முதுகு நிமிர்கிறது. அங்கே சினேகம் உறவாகிறது, இங்கே உறவு சினேகமாகிறது. 2005இல் சத்தியன் அந்திக்காட்டின் 'அச்சுவின்டெ அம்மா'வில் ஊர்வசியும் மீரா ஜாஸ்மினும் அம்மாவும் பெண்ணுமாக வருகிறார்கள், ஆனால் பழகுவது தோழிகளாக. பெற்ற தாய் அல்ல என்பது பிறகுதான் தெரியும். ஊர்வசிக்கு அதற்குத் தேசிய விருது. 2017இன் தமிழ் 'மகளிர் மட்டும்' படத்தில் ஜோதிகா, வரப்போகிற மாமியாரை அவருடைய பள்ளித் தோழிகளோடு மறுபடி சேர்த்துவைக்கிறார். அதிலும் ஊர்வசிதான் மாமியார். 2024இல் வந்த 'உள்ளொழுக்கு' மலையாளப் படத்தில் குட்டநாட்டு வெள்ளத்தில் மகனின் உடலை அடக்கம் செய்ய முடியாமல் காத்திருக்கிற மாமியாராக அவரே, மருமகளாகப் பார்வதி. மனதை நெகிழவைக்கும் படம் என்று அதைச் சொல்ல முடியாது, மனதை அறுக்கும். அதற்கும் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. நம் முந்தானை முடிச்சுப் பெண்ணுக்கு இந்த வகைக் கதைகள் எப்படியோ தேடிப்போகின்றன!

மறுபடியும் பூங்காவனத்தம்மா வீட்டுக்கு வருவோம். கடைசிப் பகுதியைப் பற்றித்தான் குடும்பங்களில் விவாதம் நடக்கவேண்டும். பேத்தி சும்மா வரவில்லை. உயிருக்கு ஆபத்தான நோய், ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பாள் என்ற உறுதி இல்லை. இருக்கிற நாளைப் பாட்டியோடு கழிக்கத்தான் தப்பி வந்திருக்கிறாள். அப்பா தேடிவந்ததும் உண்மை வெளிப்படுகிறது. பெண்ணுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக இஷ்டம் இல்லை. பாட்டி என்ன செய்ய வேண்டும்? தோழி என்றால் அவள் இஷ்டத்துக்கு விடவேண்டும். பாட்டி என்றால் உயிரைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும். பூங்காவனத்தம்மா பேத்திக்குத் தெரியாமல் அவளைத் தூங்கவைத்து, அந்தத் தூக்கத்திலேயே ஆபரேஷனுக்கு அனுப்பிவிடுகிறாள்.

இது துரோகமா? இளைய தலைமுறைப் பெண்கள் பலர் ஆமாம் என்பார்கள். கேட்காமல் ஒருத்தியின் உடம்பைப் பற்றி முடிவெடுக்க யாருக்கு உரிமை என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. நம் வீடுகளில் 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லிப் பெண்களுக்குச் செய்யப்பட்டதெல்லாம் நல்லதாகவா இருந்தது? ஆனால் பாட்டியின் பக்கமும் ஒன்று உண்டு. இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த பேத்தியைக் கையோடு வைத்துக்கொள்ளவே அவளுக்கு ஆசை இருக்கும். பெண்ணின் இஷ்டமும் அதுதான், இவளுடைய இஷ்டமும் அதுதான். இரண்டு பேர் இஷ்டத்துக்கும் எதிராக அவள் நடக்கிறாள். கடைசி நாட்களைக் கூட இருந்து அனுபவிக்கிற பாக்கியத்தை விட்டுக்கொடுக்கிறாள். திரும்பி வராமலே போனால், விடைபெறாமல் அனுப்பிய குற்றமும் அவள் தலையில். என் கணக்கில் அவள் செய்தது சரி. ஆனால் அந்தச் சரி அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை, தோழி என்ற இடத்தை விலையாகக் கொடுத்து மறுபடி பாட்டி ஆகிறாள். வேறு கணக்குப் போடுகிறவர்களோடு நான் சண்டைக்கு நிற்கமாட்டேன்.

பேத்தி போனபின் பாட்டி வாசலில் மணியைத் திரும்ப மாட்டுகிறாள். தெருப் பிள்ளைகள் அழுத்திவிட்டு ஓடட்டும், நூறு தடவை வெறும் வாசலைத் திறந்தாலும் பரவாயில்லை, நூற்று ஒன்றாவது தடவைக்காக மணி இருக்க வேண்டும். மலையாளத் தலைப்பு இங்கே வந்து தமிழ்ப் படத்தோடு சேர்ந்துகொள்கிறது. சுந்தரி பிழைத்தாளா என்று படம் சொல்வதில்லை. குழந்தைகளோடு பார்த்தால் நிச்சயம் கேட்பார்கள், "அவ வந்தாளா?" என்று.

பத்மினி 2006 செப்டம்பர் 24 அன்று சென்னையில் காலமானார். கூட்டுக் குடும்பமாகப் பிறந்து, கடல் கடந்துபோய், திரும்பி வந்து மறைந்தார். இரண்டு படங்களையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை: மலையாளத்தை முதலில் பாருங்கள், ஒரு நாள் விட்டுத் தமிழைப் பாருங்கள். இந்த ஊரில் வளர்கிற நம் பிள்ளைகளுக்கு மலையாளம் நம்மைவிட நன்றாகப் புரியும், புரியாத இடத்தில் அவர்கள் பாட்டிக்குச் சொல்லட்டும். தமிழ்ப் படத்தில் பாட்டி அவர்களுக்குச் சொல்லட்டும். பாட்டி வேறு ஊரில் இருந்தால், படம் முடிந்ததும் போன் போட்டுப் பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னால் என்றால் நல்லது, அதற்குப் பிறகு அவர்கள் சீரியலில் இருப்பார்கள்.